கொதிக்கும் ரேடியேட்டரை திறக்காதீங்க! மலை ஏறும் பழைய ஜீப்பை காப்பாற்றுவது எப்படி?

போடி,

தேனி மாவட்டம் போடியில் இருந்து கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில் உள்ள ஏலத்தோட்டங்களுக்கு தொழிலாளர்கள் ஜீப்களில்தான் வேலைக்கு போய் வருகிறார்கள். விடிவதற்கு முன்பே ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும் இந்த ஜீப்களில் பல, ஆண்டுக்கணக்கில் ஓடிய பழைய வண்டிகள்.

முந்தலில் இருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். சுமார் 4 ஆயிரத்து 500 அடி உயரத்துக்கு வண்டி ஏற வேண்டும். பாதி வழியில் "புஸ்" என்று புகை கிளம்பி ஜீப் நின்றுவிட்டால் டிரைவருக்கு அன்றைய வாடகை போச்சு. தொழிலாளிக்கு அன்றைய கூலி போச்சு. அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியை திறந்தால் முகமும் கையும் வெந்துபோகும்.

ஹீட் ஏறுவது ஏன்?

ஏற்றத்தில் வண்டி மெதுவாக போகும். அதனால் முன்பக்கம் இருந்து காற்று சரியாக அடிக்காது. ஆனால் பாரத்தை இழுக்க என்ஜின் முழு பலத்தோடு உழைக்கும். அப்போது சூட்டை வெளியேற்ற ரேடியேட்டரும் பேனும் மட்டும்தான் துணை. இதில் ஒன்று பழுதானாலும் முள் சிவப்பு கோட்டுக்கு போய்விடும்.

இன்னொரு காரணமும் உண்டு. தரையில் 100 டிகிரி செல்சியசில் கொதிக்கும் தண்ணீர், போடிமெட்டு உயரத்தில் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். இதை தடுப்பதுதான் ரேடியேட்டர் மூடியின் வேலை. அதில் உள்ள ஸ்பிரிங்கும் ரப்பர் வாஷரும் உள்ளே அழுத்தத்தை பிடித்து வைக்கின்றன. மூடியில் 0.9 என்று எண் இருந்து, அது நல்ல நிலையில் இருந்தால், அந்த உயரத்திலும் 115 டிகிரி வரை தண்ணீர் கொதிக்காது. வாஷர் கிழிந்த மூடி, வெறும் பாத்திரத்தை மூடும் தட்டு மாதிரிதான். புது மூடி வாங்கும்போது அந்த வண்டிக்கு உரிய எண்ணை பார்த்து வாங்க வேண்டும்.

தெர்மோஸ்டாட்டை கழற்றலாமா?

"ஹீட் ஆகுதா? தெர்மோஸ்டாட்டை கழற்றி போடு" என்பது பல இடங்களில் நடக்கும் வைத்தியம். இது தவறு. தெர்மோஸ்டாட் சுமார் 82 டிகிரியில் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பும் கதவு. பழுதாகி மூடியபடி நின்றுவிட்டால் புதிதாக மாற்ற வேண்டும். கழற்றிவிட்டால் காலை நேர குளிரில் என்ஜின் சூடு பிடிக்காது. டீசல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். உண்மையான கோளாறு உள்ளேயே இருக்கும்.

போர் தண்ணீரை ஊற்றுவதும் கெடுதல். உப்பு படிந்து ரேடியேட்டர் குழாய்கள் அடைத்துக்கொள்ளும். பாதி டிஸ்டில்டு வாட்டர், பாதி கூலன்ட் என்று கலந்து ஊற்றினால் துரு பிடிக்காது, கொதிநிலையும் கூடும்.

தோட்டத்து மண் ரோட்டில் போய் வரும் வண்டிகளில் ரேடியேட்டர் சல்லடையில் சேறும் இலையும் அடைத்திருக்கும். என்ஜின் பக்கம் இருந்து முன்பக்கம் நோக்கி தண்ணீரை மெதுவாக பீய்ச்சி கழுவ வேண்டும். வேகமாக அடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

சேற்றில் போட்ட நாலு சக்கர கியர் லிவரை தார் ரோட்டுக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் வளைவுகளில் சக்கரங்கள் ஒன்றை ஒன்று இழுத்து என்ஜினுக்கு வீண் பாரம் ஏறும்.

நடுவழியில் கொதித்தால்...

முள் ஏறத் தொடங்கியதுமே பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டி, சக்கரத்துக்கு கல் வைத்து, ஆட்களை இறக்கிவிட வேண்டும். தண்ணீர் வெளியேறாமல் முள் மட்டும் ஏறியிருந்தால், என்ஜினை உடனே அணைக்காமல் சில நிமிடம் ஐடிலில் ஓட விடலாம். பெல்ட்டில் ஓடும் பேன் சூட்டை இறக்கும். பெல்ட் அறுந்திருந்தாலோ, ஹோஸ் வெடித்து தண்ணீர் கொட்டினாலோ அடுத்த நொடியே அணைத்துவிட வேண்டும்.

தண்ணீர் முழுவதும் போய்விட்டால் முள் கீழே இறங்கி காட்டுவதும் உண்டு. அதை நம்பி வண்டியை எடுத்தால் என்ஜின் ஜாம் ஆகிவிடும்.

அரை மணி நேரமாவது ஆற விட வேண்டும். மேல் ஹோசை தொட்டு பார்த்து, சூடு இறங்கிய பிறகே, தடித்த துணியை போட்டு மூடியை கொஞ்சமாக திருகி காற்றை வெளியேற்றி திறக்க வேண்டும். கொதிக்கும் என்ஜினில் பச்சை தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

காலையில் 5 நிமிடம்

வண்டி கிளம்பும் முன், என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே தண்ணீர் அளவை பார்க்க வேண்டும். பேன் பெல்ட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அளவுக்குத்தான் இறங்க வேண்டும். ஹோஸ் உப்பியிருக்கிறதா, கிளிப் தளர்ந்திருக்கிறதா, வாட்டர் பம்ப் அடியில் சொட்டு இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

என்ஜின் ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தாலோ, சைலன்சரில் வெள்ளை புகை நிற்காமல் வந்தாலோ ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அந்த வண்டியை மலைக்கு எடுக்காமல் நேராக மெக்கானிக்கிடம் கொண்டுபோவதே நல்லது.

ஒரு மூடி, ஒரு பெல்ட், 2 ஹோஸ் மாற்றும் செலவு, ஹெட்டை கழற்றி வேலை பார்க்கும் செலவோடு ஒப்பிட்டால் ரொம்ப குறைவு. இதுக்கெல்லாம் மேல, வண்டியில் இருக்கிறவங்க பத்திரமா வீடு வந்து சேருவாங்க.