தலைக்கு மேலே ஓர் அடுப்பு!

"டாக்டர், ராத்திரி தூக்கமே இல்லை. கண்ணெல்லாம் எரியுது. நீர் போகும்போது சுருக்குனு குத்துது..."

சித்திரை பிறந்துவிட்டால் இப்படிச் சொல்லிக்கொண்டு தினமும் நாலு பேராவது வருவார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரும் வந்தார். நாடி பார்த்தேன். பித்தம் மிஞ்சியிருந்தது. சீரகத் தண்ணீர், நீர்மோர் என்று சொல்லி மருந்தும் கொடுத்தேன். பத்து நாளில் திரும்பி வந்தார். மருந்தை மாற்றினேன். மூன்றாம் முறை அவர் மனைவியும் கூடவே வந்து, "மாடி ரூம்ல படுக்காதீங்கன்னா கேட்டாத்தானே!" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கே படுக்கிறீர்கள் என்று நான் ஒரு வார்த்தை கேட்கவே இல்லை!

மொட்டை மாடியில் சரிவாக ஷீட் போட்ட அறை அது. உங்களில் பலர் வீட்டிலும் இருக்கும். அடுப்பைத் தொடாமல் பக்கத்தில் நின்றாலே சுடுகிறதல்லவா? அதேபோல் வெயிலில் காய்ந்த ஷீட் கீழே இருப்பவர் மேல் அனலை வீசிக்கொண்டே இருக்கும். பொழுது சாய்ந்தால் ஷீட் ஆறிவிடும். ஆனால் பகலெல்லாம் சூட்டைக் குடித்த சுவரும் தரையும் பாதி ராத்திரி வரை அதைக் கக்கும். மின்விசிறி என்ன செய்யும், பாவம்! இருக்கிற சூடான காற்றைத்தான் சுற்றிவிடும். அறை 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் அதுவும் உதவாது.

நம் தாத்தா காலத்து ஓட்டு வீடுகளில் ஓட்டுக்குக் கீழே பலகை பாவிய மச்சு இருக்கும். புளிப்பானையும் பழைய பாத்திரமும் வைக்கிற இடம் என்றுதான் நினைத்திருப்போம். ஓட்டின் சூடு கீழே இறங்காமல் தடுத்தது அந்த மச்சும், அதில் நின்ற காற்றும்தான். ஓட்டு இடுக்குகள் வழியே சூடான காற்று வெளியேறியும் விடும். ஷீட் போட்டபோது மச்சை மறந்துவிட்டோம்.

அதைத் திரும்பக் கொண்டுவருவதுதான் வேலை. ஷீட்டைத் தாங்கும் சட்டங்களின் அடியில் அலுமினியத் தாளை, பளபளப்பு கீழ்ப்பக்கம் வரும்படி பொருத்தச் சொல்லுங்கள். பளபளப்பு மேலே இருந்தால் தூசி படிந்து பயனில்லாமல் போகும். அதற்குக் கீழே அரை அடியாவது இடைவெளி விட்டு ஜிப்சம் பலகையில் உட்கூரை. அந்தப் பலகையின் மேல் இரண்டு அங்குலம் 'கிளாஸ் வுல்' பரப்பினால் இன்னும் நல்லது. அதன் இழை தோலில் பட்டால் அரிக்கும். கையுறையும் முகமூடியும் வேண்டும். இரண்டு பக்கச் சுவர்களிலும் உச்சியில் காற்றுத் துளை வையுங்கள், அணில் நுழையாதபடி வலை அடித்து. மலிவு என்று தெர்மோகோல் ஒட்டுகிறார்களே, அது எனக்குப் பிடிக்காது. மின்கம்பியில் ஒரு பொறி விழுந்தால் சட்டென்று பற்றி, நச்சுப் புகை கக்கும்.

இவ்வளவு செலவுக்கு வழியில்லையா? ஷீட்டின் மேல் வெள்ளையடியுங்கள். வெயிலில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். சுண்ணாம்பு நீற்றும்போது மட்டும் கண் பத்திரம்!

ஷீட் அஸ்பெஸ்டாஸ் என்றால் கூடுதல் கவனம் தேவை. அதன் எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். துளை போடாதீர்கள், அறுக்காதீர்கள், காய்ந்த ஷீட்டைத் தேய்க்காதீர்கள். தூள் மூச்சில் போனால் கெடுதல் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். நொறுங்கிப்போன ஷீட் என்றால் அதன் மேல் எந்த வேலையும் வேண்டாம், மாற்றிவிடுவதே சரி. எந்த ஷீட்டானாலும் அதன் மேல் நேராகக் கால் வைக்கக்கூடாது. உடைந்து உள்ளே விழுந்து உயிர் விட்டவர்கள் உண்டு. சட்டத்துக்குச் சட்டம் பலகை போட்டு, பழக்கமுள்ள ஆளைத்தான் ஏற்றவேண்டும்.

வேலை முடிகிற வரை வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் கீழே படுக்க வையுங்கள். ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கோடைக்கு முன்பே தங்கள் டாக்டரிடம் பேசிக்கொள்ளவேண்டும். உடம்பு அனலாய்க் கொதித்து, பேச்சு குழறினால் கஷாயம் தேடாதீர்கள். நான் சித்த வைத்தியன்தான் சொல்கிறேன். உடம்பை ஈரத்துணியால் நனைத்து, விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது.

ஆசிரியர் உட்கூரை போட்டுவிட்டார். ஆனாலும் கத்திரி வெயில் நாட்களில் அவருக்குப் படுக்கை கீழேதான், மனைவியின் உத்தரவு! சுண்ணாம்பு மட்டும் மழையில் கரைந்துவிடுவதால், வருஷாவருஷம் மாசியில் ஆள் வைத்து மறுபடி அடிக்கிறார்.