சுண்ணச் சுவரும் செம்மண் தோட்டமும்

வலிகாமம் வடக்கிலிருந்து 1990 ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, 2009 இல் போர் முடிந்து, காணிகள் படிப்படியாக விடுவிக்கப்பட்ட பின்னரே தம் வளவுகளை மீண்டும் கண்டன. கூரை அழிந்து, முற்றத்தில் பற்றை மண்டி, சுவரின் வெடிப்பிலே அரசங்கன்று வேரோடிய நாற்சார் வீடுகள் அங்கே எஞ்சி நின்றன. தோட்டம் எது, வேலி எது என்று தெரியவில்லை. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா, நிற்பதைத் திருத்துவதா என்பதே அவ்வாறு திரும்பியோர் முன் எழுந்த முதல் வினா. சுவர் சாயாமல் நிற்குமாயின் திருத்துவதே சிக்கனம். ஆனால் எதைக் கொண்டு திருத்துவது என்பதில்தான் பலர் தவறிவிடுகின்றனர்.

குடாநாட்டின் பழைய கல்வீடுகள் சுண்ணக்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தினால் இணைத்துக் கட்டப்பட்டவை. அக்கல்லும் சாந்தும் நீரை உறிஞ்சும். உறிஞ்சிய நீரை வெயிலிலும் காற்றிலும் மீண்டும் வெளியே விடும். மாரியில் நனைந்த சுவர் பங்குனிக்குள் உலர்ந்துவிடுவது இதனாலேயாகும். இத்தகைய சுவரின்மேல் சீமெந்தைப் பூசினால், பார்வைக்கு அது வலுவடைந்ததுபோலத் தோன்றும். உள்ளே நடப்பது வேறு. அடிச்சுவர் வழியே நிலத்திலிருந்து ஏறும் ஈரம் இறுகிய சீமெந்தைக் கடந்து வெளியேற மாட்டாது மேலும் மேலும் ஏறுகிறது. அந்த ஈரத்திற் கரைந்துள்ள உப்பு பூச்சின் பின்னே படிகமாகி, கல்லின் முகத்தையே பொடியாக்கிவிடுகிறது. சில ஆண்டுகளில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும்போது கல்லும் உடன் வருகிறது. வீட்டுக்காரர் சீமெந்து போதவில்லையென எண்ணி முன்னிலும் தடிப்பாகப் பூசுகிறார்!

இதில் ஒரு விந்தையும் உண்டு. சுண்ணக்கல்லை மட்டும் ஏறக்குறைய 900 பாகை வெப்பத்திற் சுட்டாற் கிடைப்பது சுண்ணாம்பு. களியோடு சேர்த்து 1450 பாகை வரையிற் சுட்டு அரைத்தாற் கிடைப்பது சீமெந்து. காங்கேசன்துறையில் 1950 இல் தொடங்கி 1990 வரை இயங்கிய சீமெந்துத் தொழிற்சாலை இம்மண்ணின் கல்லையே அகழ்ந்து பயன்படுத்தியது. ஒரே கல்லின் பிள்ளைகளாயினும் ஒன்று மற்றொன்றுக்குத் துணையாவதில்லை.

பழுதுபார்ப்பவர் முதலில் அரசங்கன்றைக் கவனித்தல் வேண்டும். அதனைப் பிடுங்கலாகாது, பிடுங்கினால் வேரோடு சுவரும் பெயர்ந்து வரும். அடியோடு வெட்டி, மீண்டும் தளிர்க்குந்தோறும் வெட்டி, வேர் பட்டபின்னரே வெடிப்பைத் திறக்கலாம். கற்களுக்கிடையே உதிர்ந்த சாந்தை ஓரங்குல ஆழம் சுரண்டி, நீர் தெளித்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த சாந்தினால் அடைப்பர். மணல் கடலோரத்ததாயின் உப்பு நீங்க நன்கு கழுவப்பட வேண்டும். சுண்ணாம்பை நீற்றிச் சில வாரம் நீருக்குள் வைத்திருந்து எடுப்பது நன்று; நீறாத சிறு கட்டி சுவருக்குட் சென்றால், பின்னர் அது பருத்துப் பூச்சை வெடிக்கச் செய்யும். நீற்றும்போது கொதித்துத் தெறிக்குமாதலால் கண்ணைக் காத்துக்கொள்வது அவசியம். சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்றே மெல்ல இறுகுகிறது. ஈரச் சாக்கினால் மூடிச் சில நாட்கள் காக்கவேண்டும். அவசரக்காரருக்கு ஏற்ற வேலை இதுவன்று.

கூரையைப் பொறுத்தவரையில், பனங்கைமரங்களை மொத்தமாகக் கழித்துவிடுதல் வீண் செலவு. பனையின் வைரம் வெளிப்புறத்தில் உள்ளது. நடுவிலுள்ள சோற்றியே முதலில் உக்கும். சுவருக்குட் புதைந்த தலைப்பு பெரும்பாலும் பழுதாகியிருக்கும். சுத்தியலால் தட்டிப் பார்த்து, ஒலி மங்கிய பகுதியை மட்டும் வெட்டி நீக்கலாம்.

ஓலை வேய்ந்த காலத்தில் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் ஓர் உறவு இருந்தது. கூரையிலிருந்து இறக்கிய பழைய பனையோலைகளைத் தோட்டத்திற் புதைத்துப் பசளையாக்குவது குடாநாட்டு வழக்கம். ஓடு வந்தபின் அவ்வழக்கம் குறைந்தது. கால்நடையும் அருகியபின் செம்மண்ணுக்குக் கிடைத்த உக்கல் மேலும் குறைந்தது. பல இடங்களில் அம்மண் சுண்ணப்பாறையின்மேல் மெல்லிய போர்வையாகவே கிடக்கின்றது. தோட்டங்களும் சிறியவை. 16 பரப்பு ஓர் ஏக்கராகும் இந்நாட்டில், நான்கைந்து பரப்புத் துண்டுகளே பலருக்கு முதுசொம். படலை வழியே பெரிய உழவியந்திரம் நுழைவதும் அரிது. நுழைந்தால் அதன் பாரம் மண்ணை இறுக்கிவிடும். ஆகவே நடந்து செலுத்தும் இருசக்கர உழவியந்திரமே இத்துண்டுகளுக்கு ஏற்றது. நிலக்கண்ணி அகற்றப்பட்டதென உறுதி செய்யப்படாத காணியில் மண்வெட்டியைக்கூட வைத்தலாகாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இவ்வியந்திரத்தை எந்த நிறுவனம் செய்தாலும் மக்கள் ‘லாண்ட்மாஸ்ரர்’ என்றே அழைப்பதற்குக் காரணம் உண்டு. இலங்கைப் பொறியியலாளரான றே விஜேவர்த்தன 1950களில் உருவாக்கிய இருசக்கர உழவியந்திரம் அப்பெயருடனேயே விற்பனைக்கு வந்தது. 2010 இல் மறைந்த அவர், பிற்காலத்தில் தம் படைப்பையே ஐயுற்றார் என்பது குறிப்பிடத்தக்கது. எருமை செய்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்தோமேயன்றி, அவ்வளவு உழவு வேண்டுமா என ஆராயவில்லை என்று கருதி, மண்ணைக் கிளறாது பயிரிடும் முறைகளுக்கு அவர் வாதாடினார்.

அவருடைய ஐயத்தைத் தோட்டக்காரர் மனத்திற் கொள்ளுதல் நலம். சுழலும் கத்திகள் மண்ணை மாவாக்கும்போது வேலை அழகாகத் தோன்றும். ஆனால் முதற் பெருமழை அம்மாவை அடித்துப் படையாக்கி, நீர் உள்ளிறங்காது தடுக்கும். ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழுதால் அதன் கீழே கடினமான தட்டொன்றும் உருவாகும். உழுவதற்கு முன் ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்பளவிலிருந்து விட்டுப் பார்க்கலாம். உதிர்ந்தால் பதம், தட்டையாக ஒட்டினால் ஈரம் அதிகம். பதமான மண்ணுக்கு ஓர் உழவோடு நிறுத்தி, பூவரசங் குழையும் சாணமும் இடுவதே மேல்.

கிணற்றிலும் சிறு கருவியே பொருந்தும். குடாநாட்டின் நன்னீர், கீழுள்ள உவர்நீரின்மேல் மிதக்கும் ஒரு படை. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நிற்குமாயின், அம்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். எனவே மேலே ஓரடி தாழ்ந்து அவ்வாறே நிலைத்துவிட்டால், கீழேயிருந்து உவர் 40 அடி வரை ஏற இடமுண்டு. துலா மிதித்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றைக் காத்தது. இறைக்கும் இயந்திரத்துக்குக் களைப்பில்லை. குறைந்த வலுவுள்ள இயந்திரத்தாற் சிறிது நேரம் இறைத்து, ஊற்று மீண்டபின் மறுபடி இறைப்பதே பாதுகாப்பு.

வேலைகளின் ஒழுங்கையும் பருவமே வகுக்கின்றது. சுவர் ஈரம் விட்ட பங்குனியிற் சாந்து வேலையைத் தொடங்கி, வைகாசிக்குள் முடிப்பது நல்லது. ஆவணிக்குட் கூரை மூடப்படல் வேண்டும். அதன்பின் புரட்டாதி மழையில் மண் பதமாகும் நாளுக்காக இயந்திரத்தைத் துடைத்து, எண்ணெயிட்டுக் காத்திருக்கலாம்.