கட்டைக் குரல் என்று யார் சொன்னது?

உஷா உதுப் என்றதும் உங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது எது? பாட்டா, பொட்டா? எங்கள் பொன்னேரிப் பெண்கள் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். "அந்தப் பெரிய பொட்டு அம்மாதானே!" என்றார்கள் நாலு பேர். "காஞ்சிபுரம் பட்டும் தலை நிறையப் பூவும்" என்றார் பக்கத்து வீட்டு மாமி. பால் கொண்டு வரும் பெண் மட்டும், "ஆம்பளை மாதிரி பாடுவாங்களே, அவங்களாக்கா?" என்றாள். எனக்கு வேண்டியிருந்த பதில் இதுதான். ஏனென்றால் உஷாவின் கதையே அந்தக் குரலில்தான் ஆரம்பிக்கிறது.

1947 நவம்பரில் பம்பாயில் பிறந்தவர். தமிழ்க் குடும்பம், அப்பா சாமி, பம்பாய் போலீஸில் பெரிய அதிகாரி. சகோதரிகளும் பாடுகிறவர்கள். 'சாமி சிஸ்டர்ஸ்' என்று அந்தக் காலத்தில் மேடை ஏறியவர்கள். வீட்டில் ரேடியோவில் கர்நாடக சங்கீதமும் ஓடும், இந்துஸ்தானியும் ஓடும், மேல்நாட்டுச் சங்கீதமும் ஓடும். இப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணைப் பள்ளிக்கூடத்துப் பாட்டு வகுப்பிலிருந்து வெளியே அனுப்பினார்கள் என்றால் நம்புவீர்களா? மற்றப் பெண்களின் கீச்சுக் குரலோடு இவருடைய கனத்த குரல் சேரவில்லையாம்! பாடாமல் தாளம் தட்டட்டும் என்று கையில் தாளக் கட்டையைக் கொடுத்தார்களாம். முறையான சங்கீதப் பயிற்சி அவருக்குக் கிடையவே கிடையாது. ஆனால் 9 வயதில் இலங்கை வானொலியில் அமீன் சயானியின் நிகழ்ச்சியில் பாடிவிட்டார்.

குரல் ஏன் சிலருக்குக் கனமாக இருக்கிறது? குரல்வளைக்குள் இரண்டு சதை மடிப்புகள் இருக்கின்றன. பேசும்போது பெண்களுக்கு இவை சாதாரணமாக ஒரு விநாடிக்குச் சுமார் 200 தடவை அதிர்கின்றன. ஆண்களுக்கு 100, 125 தடவை. மடிப்பு நீளமாகவோ தடிப்பாகவோ அமைந்துவிட்டால் அதிர்வு குறையும், குரல் இறங்கும். வீணையில் தடித்த தந்தி இல்லையா, அப்படி. இது பிறவி அமைப்பு, நோய் அல்ல. நேற்று வரை நன்றாக இருந்த குரல் திடீரென்று மாறி இரண்டு மூன்று வாரமாகியும் சரியாகவில்லை என்றால்தான் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்க்க வேண்டும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் குரல் தடிப்பதுண்டு.

இவ்வளவு விவரமாக நான் சொல்வதற்குக் காரணம் என் பெண். ஆறாம் வகுப்பில் பிரார்த்தனைப் பாட்டுக்கு நிற்கும்போது, "நீ வாயை மட்டும் அசை, போதும்" என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அவள் அழக்கூட இல்லை. அன்றோடு பாட்டை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். கொலுவுக்கு யாராவது, "ஒரு பாட்டுப் பாடேன்டி கண்ணு" என்று கேட்டால் சுண்டல் எடுக்கப் போகிற மாதிரி உள்ளே போய்விடுவாள். என் மாமியார்தான், "பட்டம்மாள் குரல் என்ன குயில் குரலா? கம்பீரமா இல்லையா? கச்சேரியிலே ராகம் தானம் பல்லவியைத் துணிஞ்சு பாடின பொம்மனாட்டி அவதானே!" என்று சண்டைக்கு நிற்பார். நான் உஷா உதுப் பாடும் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். "அவங்க பேர் வாங்கியாச்சும்மா. இப்ப எது வேணா சொல்லலாம்" என்றாள். அதுவும் நியாயம்தானே! பேர் வாங்குவதற்கு முன்னால் அந்த அம்மாள் என்ன செய்தார் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தது அப்புறம்தான்.

நம் சென்னையில்தான் எல்லாம் தொடங்கியிருக்கிறது, சகோதரிகளே! மவுண்ட் ரோடில் ஜெமினி பக்கம் சஃபையர், புளூ டயமண்ட், எமரால்ட் என்று மூன்று தியேட்டர்கள் ஒரே கட்டடத்தில் இருந்தனவே, ஞாபகம் இருக்கிறதா? (புளூ டயமண்டில் ஒரு டிக்கெட்டை வாங்கிக்கொண்டு நாள் முழுக்க ஏ.சி.யில் உட்கார்ந்திருக்கலாம். எங்கள் ஊரிலிருந்து ரயிலேறி அதற்காகவே போனவர்கள் உண்டு.) அந்தக் கட்டடம் இன்று இல்லை. அதன் கீழ்த்தளத்தில் 'நைன் ஜெம்ஸ்' என்று ஒரு நைட் கிளப். 1969-ல் அங்கேதான் உஷா பாடினார், புடவை கட்டிக்கொண்டு!

நைட் கிளப் பாடகி என்றால் சினிமாவில் நாம் பார்த்த உடை என்ன, நடை என்ன! இவரோ வீட்டில் எப்படி இருப்பாரோ அப்படியே வந்து நின்று ஆங்கிலப் பாட்டுப் பாடியிருக்கிறார். புரட்சி செய்வதாக அவர் நினைக்கவில்லையாம். உடுத்தத் தெரிந்தது புடவை, அதைக் கட்டினேன் என்று பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எனக்கு இந்தப் பதில் ரொம்பப் பிடித்திருக்கிறது. குடிக்க வந்தவர்கள்கூட கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

அவர் பாடிய முதல் இசைத்தட்டுப் பாட்டுகளில் ஒன்று 'ஜம்பலாயா'. ஹாங்க் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர் 1952-ல் பாடிப் பிரபலமாக்கியது. ஜம்பலாயா என்பது லூசியானாப் பக்கத்துச் சமையல். அரிசியோடு வெங்காயம், குடமிளகாய், இறால், கறி எல்லாம் போட்டு ஒரே பாத்திரத்தில் வேக வைப்பது. நம் பழவேற்காட்டு இறாலில் செய்தால் அவர்களே தோற்றுப்போவார்கள்!

சென்னையிலிருந்து கல்கத்தா. பார்க் தெருவில் 'டிரிங்காஸ்' உணவகத்தில் பாடும்போதுதான் கேரளத்துக்காரரான ஜானி சாக்கோ உதுப்பைச் சந்தித்தார். முதல் திருமணம் முறிந்து, பின்னர் இவரைக் கைப்பிடித்தார். ஒரு பெண், ஒரு பிள்ளை. டெல்லி ஓட்டலில் இவர் பாட்டைக் கேட்ட தேவ் ஆனந்த் 1971-ல் 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா'வில் பாட வைத்தார். 1975-ல் நம் 'மேல்நாட்டு மருமகள்' படத்தில் திரையிலேயே தோன்றிப் பாடினார். இசை யார் தெரியுமா? வயலின் வித்வான் குன்னக்குடி வைத்தியநாதன்! கென்யாவில் ஸ்வாஹிலி மொழியில் பாடி அந்த மக்களின் மனத்தைப் பிடித்தார். 80களில் பப்பி லஹரியின் டிஸ்கோ பாட்டுகள். 1990-ல் 'அஞ்சலி'யில் இளையராஜா இசையில் அவர் பாடியது என் வயதுக்காரிகளுக்கு மறக்காது.

எல்லாம் சுலபமாக நடந்ததா? இல்லை. 80களின் முற்பகுதியில் மேற்கு வங்க அமைச்சர் ஜதின் சக்ரவர்த்தி, உஷாவின் பாட்டு பண்பாட்டுக் கேடு என்று சொல்லி அரசாங்க அரங்குகளில் பாடத் தடை போட்டார். வீட்டில் சின்னக் குழந்தைகள், பிழைப்போ மேடை. மற்றவர்களாக இருந்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போயிருப்பார்கள். இவர் கோர்ட்டுக்குப் போனார், ஜெயித்தார். அதே ஊரிலேயே இன்றும் இருக்கிறார். நெற்றிப் பொட்டில் வங்காள 'க' எழுத்தையே வைத்துக்கொள்கிறார், கல்கத்தாவுக்காக! புடவைத் துணியிலேயே தைத்த ஷூ காலில். நாள் முழுக்க நின்று முட்டி வலிக்கிற நமக்கும் அது நல்ல யோசனைதான்.

அவர் பாட்டு எழுதுகிறவர் அல்ல. பெரும்பாலும் பிறர் பாட்டைத் தன் பாட்டாக்கிக்கொள்கிறவர். பாட்டு வகுப்புக்கு ஆகாது என்ற அதே குரலில் 15க்கும் மேற்பட்ட இந்திய மொழிகளில் பாடியிருக்கிறார். 2011-ல் பத்மஸ்ரீ. அதே வருடம் வந்த 'சாத் கூன் மாஃப்' படப் பாட்டுக்கு ஃபிலிம்ஃபேர் விருது, ரேகா பரத்வாஜோடு சேர்த்து. அறுபது தாண்டிய பிறகு, நினைத்துப் பாருங்கள்!

என் பெண்ணுக்கு இதையெல்லாம் சொன்னேன். கோர்ட் விஷயத்தை மட்டும் இரண்டு தடவை கேட்டாள். அவள் இப்போது கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள்; கைக்குழந்தையும் இருக்கிறது. இரவு ஷிப்டு இல்லாத நாட்களில் குழந்தையைத் தொட்டிலில் போட்டு ஏதோ முனகுகிறாள். கதவு சாத்தியிருக்கும். நான் எட்டிப் பார்ப்பதில்லை.

2024 உஷாவுக்குச் சந்தோஷமும் துக்கமும் கலந்த வருடம். பத்மபூஷண் கிடைத்தது, ஜூலையில் கணவர் ஜானி காலமானார். அதே வருடம்தான் மைலி சைரஸ் என்ற இளம் அமெரிக்கப் பாடகியின் பாட்டு ஒன்றை, 76 வயதில், பட்டுப் புடவையும் பொட்டுமாக நின்று தன் பாணியில் பாடினார். கைபேசி வைத்திருக்கும் பேத்திகளைக் கேளுங்கள், எடுத்துக் காட்டுவார்கள்.