கல்விக் கடனும் ஒரு பக்கத் தன்விவரமும்

படிப்பை முடித்து மகனோ மகளோ வீடு திரும்பியதும், கல்விக் கடன் பெற்ற குடும்பங்கள் எங்கள் கிளைகளில் கேட்கும் முதற்கேள்வி, "தவணை எப்போது தொடங்கும்?" என்பதே. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தின்படி, படிப்புக் காலமும் அதன் பின்னர் ஓராண்டும் தவணை விடுப்புக் காலமாகும். ஓராண்டு என்பது கேட்பதற்கு நீண்டதாகத் தோன்றும். வேலை தேடுவோருக்கோ அது விரைந்து கரைந்துவிடுகிறது.

அவ்வாறு கரைந்துகொண்டிருந்த நிலையில், தவணையைத் தள்ளிவைக்க இயலுமா என்று கேட்டு ஒரு தாயார் தம் மகளுடன் எங்களிடம் வந்தார். மகள் வணிகவியல் பட்டதாரி, நல்ல மதிப்பெண்கள். ஏழு மாதங்களாக அனுப்பிய விண்ணப்பங்களுக்குப் பதிலே இல்லை. அவர் அனுப்பிவந்த பயோடேட்டாவை வாங்கிப் பார்த்தோம். நான்கு பக்கங்கள். தந்தை பெயர், மதம், திருமண நிலை, பள்ளி மதிப்பெண்கள், பொழுதுபோக்குகள் என்று முதலிரு பக்கங்கள் நிரம்பியிருந்தன. தணிக்கை அலுவலகம் ஒன்றில் ஆறு மாதம் பயிற்சி பெற்ற செய்தி மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரே வரியாகக் கிடந்தது. முதல் வாசிப்பில் நாங்களும் அவ்வரியைக் கவனிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தன்விவரக் குறிப்பு எழுதித் தரும் தொழில்முறை வல்லுநர் ஒருவரை அணுகுமாறு அவர்களுக்குக் கூறினோம். அவர் எழுதுவதற்கு முன் ஒரு மணி நேரம் கேள்விகளையே கேட்டாராம். அந்த அலுவலகத்தில் என்ன செய்தீர்கள்? எத்தனை விலைப்பட்டியல்கள்? எந்த மென்பொருள்? "கணக்குப் பிரிவில் பயிற்சி பெற்றேன்" என்றிருந்த வரி, "மாதந்தோறும் சுமார் 300 விலைப்பட்டியல்களைச் சரிபார்த்து, டேலியில் பதிந்து, ஜிஎஸ்டி விவர அறிக்கைக்கான பதிவுகளைத் தயாரித்தேன்" என்றாயிற்று. இதில் பொய் ஒன்றுமில்லை. தம் உழைப்பின் மதிப்பை அப்பெண் அறியாதிருந்தார், அவ்வளவே.

வல்லுநரின் உதவியால் விளையும் நன்மைகள்

முதலாவது, தேர்வு. எதைச் சொல்வது என்பதைவிட எதை விடுவது என்பதே கடினம். நம்மைப் பற்றி நாமே எழுதும்போது எல்லாமே முக்கியமாகத் தோன்றும். அயலாரின் கண்ணே அவற்றைப் பிரித்தறியும்.

இரண்டாவது, வடிவம். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் விண்ணப்பங்களை முதலில் படிப்பது மென்பொருளே. வேலை அறிவிப்பில் உள்ள சொற்களைத் தன்விவரத்தில் அது தேடுகிறது. கட்டங்களும் படங்களும் நிறைந்த அலங்காரப் பக்கத்தை அது சரியாகப் படிக்கத் தவறலாம். எளிய தலைப்புகளும் தெளிவான வரிசையும் இங்குப் பயன் தருகின்றன.

மூன்றாவது, இடைவெளிகள். மகப்பேறு, பெற்றோரின் நோய், தேர்வுத் தயாரிப்பு ஆகியவற்றால் பணியில் ஏற்பட்ட இடைவெளியை மறைக்காமலும், அதற்காகக் கூனிக் குறுகாமலும் ஒரு வரியில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

செலவு தகுமா?

வங்கியாளர் என்ற முறையில் ஒரு கணக்கைச் சொல்கிறோம். கடன் 4 லட்சம் ரூபாய், ஆண்டு வட்டி 9 விழுக்காடு எனக் கொண்டால், ஒரு மாத வட்டி மட்டும் 3,000 ரூபாய். வேலை ஒரு மாதம் முன்னதாகக் கிடைத்தால் மிச்சமாவது அந்த மாதச் சம்பளமும்கூட. கட்டணத்தை இத்துடன் ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

கட்டணம் செலுத்த இயலாதோர் கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவையோ, அத்துறையில் பணியாற்றும் மூத்தவர் ஒருவரையோ அணுகலாம். மத்தியத் தொழிலாளர், வேலைவாய்ப்பு அமைச்சகம் 2015-இல் தொடங்கிய தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்து, தொழில் வழிகாட்டுதலும் பெறலாம். வங்கிப் பணிக்கான ஐபிபிஎஸ் போன்ற தேர்வுகளுக்கு நிர்ணயிக்கப்பட்ட இணையப் படிவமே உண்டு. அவற்றுக்கு விண்ணப்பிப்பதற்காக மட்டும் இச்செலவு தேவையில்லை.

எச்சரிக்கையும் அவசியம்

தன்விவரம் எழுதித் தருபவர் வேலைக்கு உத்தரவாதம் தர இயலாது. "வேலை நிச்சயம், முன்பணம் கட்டுங்கள்" என்போரிடமிருந்து விலகி நில்லுங்கள். ஆதார் எண், பான் எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றைத் தன்விவரத்தில் எழுதாதீர்கள். ஓடிபியை எவரிடமும் பகிராதீர்கள். செய்யாத பணியைச் செய்ததாக எழுத ஒருபோதும் உடன்படாதீர்கள். வருங்கால வைப்பு நிதிப் பதிவுகளைக்கொண்டே முந்தைய பணிக்காலத்தைச் சரிபார்க்கும் நிறுவனங்கள் உள்ளன. எழுதி முடித்த பிரதியை வரிக்கு வரி படியுங்கள். நேர்காணலில் அதற்கு விடை சொல்ல வேண்டியவர் நீங்களே.

அந்தப் பெண்ணுக்கு அடுத்த மாதத்தில் இரண்டு அழைப்புகள் வந்தன. முதல் நேர்காணலில் தேர்வாகவில்லை, இரண்டாவதில் தேர்வானார். அறிவும் பயிற்சியும் அவருக்கு முன்பே இருந்தன; அவை பிறர் கண்ணில் படுவதற்கு அந்த ஒரு பக்கம் தேவைப்பட்டது. தவணையைத் தள்ளிவைக்கும் விண்ணப்பம் எங்களிடம் வரவேயில்லை. முதல் தவணை, உரிய நாளில், அவருடைய சம்பளக் கணக்கிலிருந்தே வரவு வைக்கப்பட்டது.