முதுகில் வர்ணம் இல்லாத பொம்மை

ஸ்டாஃபர்ட்ஷயர் பொம்மை ஒன்று கையில் கிடைத்தால் முதலில் திருப்பிப் பாருங்கள். முன்னால் சிவந்த கன்னம், நீலக் கோட்டு, பீடத்தில் தங்கக் கோடு. பின்னால் பல பொம்மைகளில் தட்டையான வெறும் முதுகுதான். கணப்படுப்புத் திட்டில் சுவரோடு ஒட்டி நிற்கப்போகும் பொம்மைக்கு முதுகில் எதற்கு வர்ணம்? 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் களிமண்ணை அச்சில் அழுத்திச் சுட்டு, நாலு வர்ணம் தொட்டு, கூலிக்காரருக்குக் கட்டுப்படியாகும் விலையில் விற்றார்கள். பல பட்டறைகளில் சிறுவர்களும் வேலை பார்த்தார்கள்.

இந்தச் சரக்கு நியூயார்க்கின் ஃபைவ் பாயின்ட்ஸ் என்ற ஏழைப் பேட்டை வரை போனது. 1842இல் போலீஸ் துணையோடு அந்தப் பேட்டைக்குள் நுழைந்த சார்லஸ் டிக்கன்ஸ், அழுக்கையும் அவலத்தையும் எழுதிவிட்டுப் போனார். பத்திரிகைகளும் அதையே பாடின.

1991இல் அங்கே நீதிமன்றம் கட்டுவதற்கு முன் அகழாய்வு நடந்தது. ஒருகாலத்தில் கழிப்பறைக் குழிகளாக இருந்து, பிறகு குப்பை கொட்டி மூடிய பள்ளங்கள்தான் புதையல். சுமார் 8,50,000 பொருட்கள் கிடைத்தன. தொல்லியலாளர் ரெபெக்கா யாமினின் குழு அவற்றை ஆராய்ந்தது. பேர்ல் தெருவில் ஐரிஷ் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த கட்டடத்தின் பின்கட்டில் தேநீர்க் கோப்பைகளும் அலங்காரப் பொம்மைகளும் வந்தன.

பணக்காரரைப் பார்த்துக் காப்பியடித்தார்கள் என்று இதற்கு விளக்கம் சொல்வதுண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. சமைப்பதும் படுப்பதும் ஒரே அறையில். அதில் ஒரு திட்டை, எதற்கும் உதவாத பொம்மைக்கு ஒதுக்குகிறாள் ஒருத்தி. அது அவள் எடுத்த முடிவு. யாரிடமும் இரவல் வாங்கியதல்ல.

கிடைத்ததில் ஒரு கோப்பையில் பாதிரியார் தியோபால்டு மேத்யூவின் உருவம் இருந்தது. 1838 முதல் அயர்லாந்தில் லட்சக்கணக்கானோரை மதுவைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்யவைத்தவர். குடிகாரப் பேட்டை என்று பேரெடுத்த இடத்தில் அவர் முகம்! அதற்காக அந்த வீட்டில் யாரும் குடிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. நம்ம ஊர்ச் சாமியார் ஆயிற்றே என்று வாங்கியும் இருக்கலாம்.

பொருட்களை உலக வர்த்தக மையத்தின் 6ஆம் எண் கட்டடத்து அடித்தளத்தில் வைத்திருந்தார்கள். 2001 செப்டம்பர் 11இல் அந்தக் கட்டடமும் நொறுங்கியது. மிஞ்சியவை, கண்காட்சிக்காக வெளியே இரவல் போயிருந்த 18 பொருட்கள். மேத்யூ கோப்பை அவற்றில் ஒன்று.