தொறுப்பூசலும் வேடியப்பன் வழிபாடும்

ஒகேனக்கல் அமைந்துள்ள தருமபுரி மாவட்டம் நடுகற்கள் மிகுந்த நிலப்பகுதியாகும். மழைவளம் குன்றிய இம்மேட்டு நிலத்தில் ஆநிரையே பெருஞ்செல்வம். அதனை இழந்த ஊர் வாழ்வாதாரத்தையே இழந்தது. தருமபுரி, செங்கம் பகுதிகளின் பல்லவர் கால நடுகல் கல்வெட்டுகள் ஆநிரையைத் ‘தொறு’ எனச் சுட்டுகின்றன. தொறு மீட்டுப் பட்டவனுக்கு மட்டுமன்றித் தொறு கொண்டு பட்டவனுக்கும் கல் எடுக்கப்பட்டுள்ளது. கவர்ந்தவனை இக்கல்வெட்டுகள் கள்வன் எனப் பழிக்கவில்லை.

இதன் அடிப்படையைத் தொல்காப்பியம் விளக்குகிறது. ஆநிரை கவர்தலைக் களவு என்றே அது குறிப்பினும், வேந்தன் ஏவலால் நிகழ்வதாகக் கொண்டு வெட்சித்திணையுள் அடக்குகிறது. எனவே, செயலைக் குற்றமாகவோ வீரமாகவோ ஆக்குவது அதனை ஏவிய அதிகாரமே எனலாம்.

இந்நடுகற்கள் பல இன்று ‘வேடியப்பன்’ என வழிபடப்பெறுகின்றன. வீரனின் இயற்பெயர் மறைய, கவர்ந்தவன், மீட்டவன் என்னும் வேறுபாடும் வழிபாட்டில் கரைகிறது. ஆகவே, வேடியப்பன் குறித்த வாய்மொழி வழக்காறுகளைக் கல்வெட்டுப் பாடத்துடன் ஒப்பிட்டு ஆராய்தல் இன்றியமையாததாகும்.