களஞ்சியம் நிரம்பி வழிவது ஏன்? ஃபெரிட்டினும் ஸ்டில் நோயும்

செஞ்சிக் கோட்டைக்குச் சென்றவர்கள் அங்குள்ள களஞ்சியத்தைக் கண்டிருப்பார்கள். தடித்த சுவர்களும் வளைந்த கூரையும் கொண்ட அக்கட்டடம் தானியம் சேமிக்க எழுப்பப்பட்டது. 1690 முதல் 1698 வரை முற்றுகையைத் தாங்கிய ஊரில் களஞ்சியத்தின் அருமையை நாம் விளக்க வேண்டியதில்லை.

உடலில் இரும்புச்சத்துக்கு அத்தகைய களஞ்சியம் ஃபெரிட்டின் என்னும் புரதம். ஒரு மூலக்கூறு ஏறத்தாழ 4,500 இரும்பு அணுக்கள் வரை தன்னுள் அடக்கவல்லது. கல்லீரலிலும் மண்ணீரலிலும் இது மிகுந்திருக்கும். இரத்தத்தில் சிறிதளவே காணப்படும். அந்த அளவு குறைந்தால் இரும்புச்சத்துக் குறைவு என்று பொருள். கூடினால் இரும்பு மிகுந்துவிட்டது என்றே பலரும் எண்ணிக் கீரையையும் பேரீச்சையையும் நிறுத்திவிடுகின்றனர். பெரும்பாலும் அது தேவையற்றது. அழற்சி மூளும்போது, கிருமிகளுக்குக் கிட்டாதவாறு உடல் இரும்பைப் பூட்டி வைக்கிறது. ஃபெரிட்டினையும் மிகுதியாக உண்டாக்குகிறது. அதனால் ஃபெரிட்டின் உயர்ந்திருக்கும்போதே இரத்தசோகையும் இருக்கக்கூடும். மருத்துவர் கூறாமல் இரும்பு மாத்திரை உட்கொள்வதும் சரியன்று.

கிருமி ஏதுமின்றியே இவ்வழற்சி உடல் முழுவதும் மூளும் அரிய நோய் ஸ்டில் நோய். ஜார்ஜ் ஸ்டில் என்னும் மருத்துவர் 1897இல் குழந்தைகளிடம் இதனை விவரித்தார். பெரியவர்களுக்கும் வரும் என்பதை 1971இல் எரிக் பைவாட்டர்ஸ் எடுத்துக்காட்டினார். மாலை நேரத்தில் காய்ச்சல் 39 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறும், விடிவதற்குள் தணிந்துவிடும். மூட்டுகள் வலிக்கும், தொண்டை வலிக்கும். காய்ச்சலோடு இளஞ்சிவப்புத் தடிப்புகள் தோன்றி, அதனோடே மறையும். நம்மவர் தோல் நிறத்தில் அவை எளிதில் புலப்படா. காலையில் மருத்துவர் பார்க்கும் வேளையில் சுவடே இராது. ஆகவே மாலையில் தடிப்பைக் கண்டவுடன் கைப்பேசியில் படம் எடுத்து வைக்குமாறு வேண்டுகிறோம். பல சமயம் அந்தப் படமே நோயறியத் துணைசெய்கிறது.

இரத்தத்தில் ஃபெரிட்டினின் இயல்பான உச்ச அளவு, ஒரு மில்லிலிட்டருக்கு ஆண்களுக்குச் சுமார் 300 நானோகிராம்; பெண்களுக்கு அதனினும் குறைவு. ஆய்வகத்துக்கு ஆய்வகம் இது சற்று மாறும். ஸ்டில் நோயில் இவ்வளவு ஐந்து மடங்கையும் தாண்டுவதுண்டு; பல்லாயிரத்தை எட்டுவதும் உண்டு. எனினும் இந்த எண்ணை மட்டும் கொண்டு நோயை உறுதிசெய்ய இயலாது. டெங்குவிலும், நம் வட்டாரத்தில் காணப்படும் ஸ்க்ரப் டைஃபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சலிலும், கல்லீரல் நோய்களிலும், சில புற்றுநோய்களிலும் ஃபெரிட்டின் உயரும். மாறாக, ஸ்டில் நோயாளிகள் சிலருக்கு அது இயல்பாகவே இருக்கும். ஆகையால் தொற்றும் புற்றுநோயும் இல்லை என்று ஒவ்வொன்றாக விலக்கிய பின்னரே இம்முடிவுக்கு வருகிறோம். சோதனைமேல் சோதனை எதற்கு என்று வருந்தும் குடும்பத்தாருக்கு இதுவே எங்கள் விடை. கிருமித் தொற்று இருக்கையில் ஸ்டீராய்டைத் தொடங்கிவிட்டால் விளைவு விபரீதமாகலாம்.

ஓர் ஆபத்தை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஏறியிறங்கிய காய்ச்சல் விடாக்காய்ச்சலாக மாறுதல், ஈறில் அல்லது மூக்கில் இரத்தக் கசிவு, மஞ்சள் காமாலை, நினைவுக் குழப்பம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் காத்திருக்கலாகாது. நோயெதிர்ப்பு அணுக்கள் கட்டுமீறி இரத்த அணுக்களையே விழுங்கத் தொடங்கியிருக்கலாம். அப்போது ஃபெரிட்டின் 10,000ஐக் கடந்து செல்லக்கூடும்; தட்டணுக்கள் குறையும். ஈ.எஸ்.ஆர். திடீரென இறங்கும். அது குணத்தின் அறிகுறி போலத் தோன்றி ஏமாற்றும். இரவாயினும் உடனே தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையை அடைய வேண்டும்.

சிகிச்சை பெரும்பாலும் ஸ்டீராய்டில் தொடங்கும். தேவைப்பட்டால் மெத்தோட்ரெக்ஸேட், டோசிலிசுமாப் போன்றவை சேரும். காய்ச்சல் இரண்டே நாளில் தணிந்துவிட்டது என்று ஸ்டீராய்டைத் தாமாக நிறுத்துவது பேராபத்து. உடல் தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொண்டிருக்கும். மருந்தையும் படிப்படியாகவே குறைக்க வேண்டும். அந்நாட்களில் ஃபெரிட்டினை மீண்டும் மீண்டும் அளப்போம். ஒரு நாளின் எண்ணைவிட அது செல்லும் திசையே எங்களுக்கு முக்கியம். எனவே, வேறு ஊரில் எடுத்த சோதனையாயினும், பழைய அறிக்கைகள் அனைத்தையும் தேதி வரிசையில் கோத்து ஒரே கோப்பில் கொண்டுவாருங்கள்.